மலைவீட்டில் தீவனக் கரப்பான்: எந்த இனத்தை வளர்ப்பது?

ஓணான், மீன், தவளை போன்ற வளர்ப்புப் பிராணிகளுக்கு உயிருள்ள தீனியாக வளர்ப்பதுதான் தீவனக் கரப்பான். அதை வாங்கும் முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிந்து வைக்கும் டிஜிட்டல் வகை போதும். பெட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் அதை விட்டுவையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் அதைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. மார்கழி, தை மாத இரவுகளில் வீட்டுக்குள்ளேயே 10 டிகிரிக்குக் கீழே காட்டினால் ஆச்சரியம் இல்லை. சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் "அறை வெப்பநிலையே போதும்" என்று இருக்கும். அவர்களுடைய அறை 30 டிகிரி. நம்முடைய அறையில் அதே பூச்சி உயிரோடு இருக்கும், குட்டி போடாது.

பூச்சிக்கு உடம்புச் சூடு என்று தனியாக எதுவும் கிடையாது. தின்பது, செரிப்பது, தோல் உரிப்பது, இனம் பெருக்குவது எல்லாம் வெளிச் சூட்டின் வேகத்தில்தான் நடக்கும். அதனால் மலையில் இனத்தைத் தேர்வு செய்யும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பெருகுவதற்கு எவ்வளவு சூடு வேண்டும்? வழவழப்பான சுவரில் ஏறுமா? தப்பி ஓடினால் நம் வீட்டிலும் தோட்டத்திலும் காட்டிலும் பிழைத்துக்கொள்ளுமா? சத்து எவ்வளவு என்ற கேள்வியை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு நான்காம் இடம்தான் கொடுக்கலாம். நன்றாகத் தீனி போட்டு வளர்த்த எந்த இனமும் சத்தில் ஒன்றுக்கொன்று பெரிதாகக் குறைந்ததில்லை.

சிள்வண்டு இருக்கும்போது கரப்பான் எதற்கு? சிள்வண்டு இரவெல்லாம் கத்தும், சீக்கிரம் நாறும், பெட்டியில் கொஞ்சம் ஈரம் ஏறினாலே கூட்டமாகச் சாகும். மாவுப்புழுவில் கொழுப்பு அதிகம், தினமும் கொடுக்க முடியாது. கரப்பான் சத்தம் போடாது, மாதக்கணக்கில் வாழும், உடம்பில் சதை அதிகம். தாடி ஓணான் எனப்படும் பியர்டட் டிராகன், ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி, அரோவானா, ஆஸ்கர் மீன், கொம்புத் தவளை எல்லாம் விரும்பித் தின்னும்.

வளர்க்கும் பிராணியைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சோந்தி, உடும்பு போன்ற நம் காட்டு உயிர்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அயல்நாட்டு இனம், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருந்தால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பூச்சிக்கும் சட்டம் உண்டு. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சியைத் தருவிக்க மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடுப்பு அனுமதி தேவை. அதனால் உள்நாட்டில் ஏற்கெனவே வளர்ப்பவரிடமே வாங்குங்கள்.

டூபியா: மலைக்கு முதல் தேர்வு

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இனம். வளர்ந்தது நாலரை சென்டிமீட்டர் வரை வரும். ஆணுக்கு உடம்பு மூடிய நீள இறக்கை, பெண்ணுக்குத் தோளில் ஒட்டிய சிறு துண்டு மட்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ ஏறத் தெரியாது. ஆண் இறக்கையை அடித்துக்கொண்டு கீழே இறங்கும், பறந்து மேலே போகாது. வாடையும் குறைவு.

சூடு இருந்தால் மட்டுமே பெருகும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். மலையில் அதுதான் இதன் பெரிய நன்மை. 28 முதல் 32 டிகிரி வரை இருந்தால் பெண் இரண்டு, இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 குஞ்சு வரை போடும். குஞ்சு நாலு முதல் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும். 25 டிகிரியில் எல்லாம் மந்தமாகும். 20க்குக் கீழே இனப்பெருக்கம் நின்றுபோகும். பெட்டியிலிருந்து ஒன்றிரண்டு தப்பினாலும் ஊட்டியின் குளிர்ந்த வீட்டுக்குள் அது குடும்பம் நடத்த முடியாது. சூடான பெட்டிதான் அதன் வேலி.

இந்த இனம் முட்டைப் பையை வெளியே விட்டுவிட்டுப் போவதில்லை. பெண் அதை வால் பக்கமாக மெல்ல வெளியே தள்ளும். வெளிர்மஞ்சள் நிறம், சீப்பின் பற்களைப்போல இரண்டு வரிசையாக அடுக்கிய முட்டைகள். முழுவதும் வெளியே வந்ததும் பக்கவாட்டில் திருப்பி மறுபடி உடம்புக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். உள்ளே அடைகாத்துக் குஞ்சாகவே வெளியே விடும். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ நோய் என்று பயந்து கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் பையை அப்படியே கீழே போட்டுவிடும், அது பிழைக்காது. பெட்டியின் அடியில் காய்ந்த மஞ்சள் பைகள் அடிக்கடி கிடந்தால் காரணம் மூன்றில் ஒன்று: இரவில் சூடு விழுகிறது, தண்ணீர் போதவில்லை, அல்லது பெட்டியை ஓயாமல் கிளறுகிறீர்கள்.

அதேபோல் பால்வெள்ளையாக ஒரு கரப்பான் நின்றால் அது வெள்ளை ரகம் இல்லை. அப்போதுதான் தோல் உரித்திருக்கிறது. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். அதுவரை தொடக் கூடாது, உடம்பு வெண்ணெய்போல் இருக்கும்.

துர்கிஸ்தான் கரப்பான்

சந்தையில் ரெட் ரன்னர் என்ற பெயரில் வரும். மத்திய ஆசியாவின் வறண்ட நிலத்துப் பூச்சி. வழவழப்பில் ஏறாது. ஓட்டம் அதிகம், அதனால் டூபியாவைக் கண்டுகொள்ளாத பிராணிகூட இதைத் துரத்தித் தின்னும். உடம்பும் மென்மை. குளிரையும் டூபியாவைவிட நன்றாகத் தாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது முட்டைப் பையைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு பையிலும் 15 முட்டைக்கு மேல் இருக்கும். துணியில், அட்டையில், சலித்த எருவில் ஒட்டிக்கொண்டு ஒரு பை வெளியே போனால் போதும். அமெரிக்காவில் 1978இல் கலிபோர்னியாவின் ராணுவக் கிடங்கு ஒன்றில் முதலில் காணப்பட்ட இந்த இனம் இன்று அந்நாட்டின் தென்மேற்கில் பரவி, அங்கே முன்பிருந்த கீழைக் கரப்பானைப் பல இடங்களில் இடம்பெயர்த்துவிட்டது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆயிரம் மீட்டர் உயரம்தான், இளஞ்சூடான ஊர். அங்கே இதை வளர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளுக்கும் அதேதான். விறகுக்கும் தோல் பதனிடவும் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம் நீலகிரி, பழனி இரண்டு மலைகளிலும் புல்வெளிகளை எப்படி மூடியது என்பதைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறோம். இன்னொரு வந்தேறியை நம் கையால் அவிழ்த்துவிட வேண்டியதில்லை.

மற்ற இனங்கள்

லாப்ஸ்டர் கரப்பான் வேகமாகப் பெருகும், அளவும் சிறியது, சின்னப் பிராணிகளுக்கு ஏற்றது. ஆனால் கண்ணாடியில் விறுவிறுவென்று ஏறும். பெட்டியின் உள்விளிம்பில் 5 செ.மீ. அகலத்துக்கு வாசலின் தடவி, அது தூசு படியப் படியத் துடைத்துப் புதிதாகத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் மறந்தால் சமையலறையில் பார்ப்பீர்கள். தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம்.

சுரினாம் கரப்பானுக்குப் பெயர்தான் சுரினாம், பூர்வீகம் நம் ஆசியப் பக்கம். ஆணே தேவையில்லை, பெண்கள் மட்டுமே சேர்ந்து பெருகும். மண்ணுக்குள் புதைந்து வாழ்ந்து செடியின் வேரையும் தண்டையும் கடிக்கும். பசுமைக்குடில்களில் இது பெயர்பெற்ற தொல்லை. கார்னேஷனும் ஜெர்பெராவும் பாலிஹவுஸில் வளர்க்கும் ஊரில் ஒரே ஒரு பூச்சி தப்பினாலும் உள்ளே சூடும் ஈரமும் தயாராக இருக்கின்றன. கோழிகளின் கண்புழு கோழிக்குப் போகும் முன் வளர்வதும் இதன் உடம்பில்தான், ஆகவே கோழி வைத்திருப்பவர்கள் இந்த இனத்தின் பக்கமே போக வேண்டாம்.

மடகாஸ்கர் சீறும் கரப்பான் அழகு, சாது, ஆனால் மெதுவாகப் பெருகும், ஓடு கெட்டி, சுவரும் ஏறும். அதை ஆசைக்கு வளர்க்கலாம், தீவனத்துக்குக் கட்டாது. டிஸ்காய்டு எனப்படும் இனம் டூபியாவுக்கு நல்ல மாற்று. ஏறாது, குஞ்சு போடும், சூட்டுத் தேவையும் ஏறத்தாழ அதுவே. கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

வீட்டுச் சாக்கடையில் திரியும் செங்கரப்பானைப் பிடித்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும்.

சூட்டுப் பெட்டி

இனம் டூபியா என்று முடிவானால் மீதி வெற்றி பெட்டியில் இருக்கிறது. 40 முதல் 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும், நிறம் இருட்டாக இருந்தால் நல்லது. மேல்விளிம்பில் மூன்று அங்குலத்துக்குப் பேக்கிங் டேப்பைச் சுருக்கம் இல்லாமல் சுற்றி ஒட்டினால் கீறல் விழுந்த பழைய டப்பாவும் ஆகும். எதிரெதிர்ப் பக்கங்களில், மேற்பகுதியில், உள்ளங்கை அளவு வெட்டி எஃகு வலை ஒட்டுங்கள். நைலான் கொசுவலையைக் கடித்துத் துளைத்துவிடும்.

முட்டைக் கடையில் கிடைக்கும் 30 முட்டை பிடிக்கும் அட்டைகளை நிமிர்த்தி, செங்குத்தாக, நெருக்கமாக அடுக்குங்கள். படுக்கவைத்தால் எச்சம் குழிகளில் தங்கும். முட்டை உடைந்து ஒழுகிய அட்டையை எடுக்க வேண்டாம், அதில் சால்மோனெல்லா இருக்கலாம். அடியில் மண், தவிடு எதுவும் வேண்டியதில்லை.

இந்த டப்பாவைத் தெர்மாகோல் கூட்டுக்குள் வையுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வெறும் டப்பாவின் அடியில் மின்சாரத்தில் சூடாகும் தகடான ஹீட் மேட் ஒன்றைப் போட்டுவிட்டு, ஏன் சூடு ஏறவில்லை என்று கேட்பார்கள். கணக்கு எளிது. கூடு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 8 டிகிரி, உள்ளே 30 வேண்டும். தெர்மாகோல் ஓர் அங்குலக் கனம் என்றால் சுவர் வழியாகவே 30 வாட்டுக்கு மேல் ஓயாமல் கசியும். இரண்டு அங்குலம் என்றால் அது 18 வாட்டை ஒட்டி வந்துவிடும். காற்றோட்டத்தில் போகும் சூட்டையும் சேர்த்து, இரண்டு அங்குலக் கூடும் 20 வாட் மேட் இரண்டும் வைத்தால் பனிக்காலத்தைத் தாண்டலாம். இரண்டும் நாள் முழுக்க எரிந்தாலும் ஒரு யூனிட்தான். சூட்டை அளந்து மேட்டைத் தானே போட்டு அணைக்கும் கருவியான தெர்மோஸ்டாட் நடுநடுவே அணைப்பதால் அதற்கும் குறைவாகவே ஓடும்.

மேட்டை டப்பாவின் அடியில் ஒட்டாதீர்கள். ஒரு பக்கச் சுவரின் கீழ்ப்பாதியில், வெளிப்புறமாக ஒட்டுங்கள். ஒரு பக்கம் சூடு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் தணிவு என்று இருந்தால் பூச்சி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். மேட் தெர்மாகோலோடு நேராக உரசாமல் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு முட்டை பொரிக்கும் இன்குபேட்டரில் வைக்கும் எஸ்டிசி-1000 போன்ற 230 வோல்ட் கருவி போதும். 30 டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசம் என்று அமையுங்கள். வயரிங் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

உணரியின் நுனி டப்பாவுக்கு உள்ளே, அட்டைகளின் நடு உயரத்தில், கம்பியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாமல் தொங்கவிட்டால் சுத்தம் செய்யும்போது எப்போதாவது வெளியே விழும். குளிர்ந்த அறையின் சூட்டை அளந்துகொண்டு அது ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. காலையில் பெட்டி முழுக்கச் செத்துக் கிடக்கும். ஒரு கூட்டமே ஒரே இரவில் அழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் போவது மலையில் வழக்கம். சில மணி நேரக் குளிரை டூபியா தாங்கும். அதற்கு மேல் போனால் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தெர்மாகோல் கூட்டுக்குள், டப்பாவுக்கு வெளியே வையுங்கள். நாலைந்து மணிக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு பூச்சிக்கு முன் மனிதரைக் கொல்லும்.

தீனியும் தண்ணீரும்

உலர்தீனிக்கு ஒரு கிலோ கணக்கு: கோதுமைத் தவிடு 500 கிராம், பொட்டுக்கடலை 200, ஓட்ஸ் 200, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 100. எல்லாவற்றையும் ரவை பதத்துக்குப் பொடித்தால் புரதம் 18 விழுக்காடு வரும். இதைவிட மிகவும் ஏற்றாதீர்கள். மிஞ்சிய நைட்ரஜனைக் கரப்பான் யூரிக் அமிலமாகத் தன் கொழுப்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். அதைத் தினம் தின்னும் ஓணானுக்கு அது நல்லதல்ல.

ஈரத்துக்கு நம் மலைக்காய்களே போதும், ஆனால் மருந்தடிப்பைக் கவனிக்க வேண்டும். நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கழுவிப் பளபளவென்று மூட்டை கட்டி வரும் கேரட்டைத் தோல் சீவிக் கொடுங்கள். முட்டைகோஸின் வெளி இலைகளைத் தூக்கி எறியுங்கள். வேலியில் மருந்தே இல்லாமல் காய்க்கும் மேரக்காய், பழனி மலைக்காரர்கள் சொல்லும் சௌசௌ, இதற்கு மிகவும் நல்லது. தண்ணீர் அதிகம், பூச்சியும் விரும்பித் தின்னும். பட்டர் ஃப்ரூட் மட்டும் வேண்டாம். அதிலுள்ள பெர்சின் பறவைகளுக்கு நஞ்சு, கரப்பானின் வயிற்றில் இருந்தால் அதைத் தின்னும் பறவைக்கும் போய்ச் சேரும். காய்த்துண்டு எதுவாக இருந்தாலும் 24 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கும்.

கரப்பானில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் ஊர்வனவற்றுக்குக் கொடுக்கும் முன் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். பிராணியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஓணான் குளிர்ந்து கிடக்கும்போது தீனி போட்டால் செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். தாடி ஓணானுக்கு வெயில் காயும் இடம் 38 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் உணவு.

மலையில் எது கெடுக்கிறது

முதல் எதிரி பூஞ்சை. தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி, வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று ஏதாவது ஒரு பக்கம் வாரக்கணக்கில் மேகத்துக்குள்ளேயே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த மூடியில் பட்டு முத்துமுத்தாக வியர்த்து அட்டைமேல் சொட்டும். இரண்டே நாளில் அட்டையில் சாம்பல் நிறம் படரும், முதலில் சாவது குஞ்சுகள். பக்கங்களுக்குத் தெர்மாகோல் வைத்துவிட்டு மூடியை மறந்ததுதான் காரணம். மூடிக்கும் அதே கனத்தில் தெர்மாகோல் வையுங்கள், வலைத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். உள்ளே ஈரப்பதம் 50, 60 விழுக்காடு போதும். 70ஐத் தாண்டினால் காயைக் குறைத்து, நனைந்த அட்டையை உடனே மாற்றுங்கள். உலர்தீனியில் மாவு நகர்வதுபோல் தெரிந்தால் அது சிற்றுண்ணி, அதற்கும் ஈரமே காரணம்.

அடுத்தது நம் வீட்டு மருந்துகள். கொசுவர்த்தி, செருகி வைக்கும் கொசு திரவம், எறும்புச் சாக்பீஸ், ஸ்ப்ரே எல்லாம் கரப்பானைக் கொல்லவோ தள்ளாட வைக்கவோ போதுமானவை. பெட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் கூடாது. பீரோவில் போடும் அந்துருண்டையும் கூடாது.

மூன்றாவது, வளர்ப்பவரின் மூச்சு. கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் பொடியாகிப் பறந்தால் ஒவ்வாமை வரும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடும். குளிருக்காக எல்லா ஜன்னலையும் சாத்தி வாழும் வீட்டில் இது இன்னும் மோசம். படுக்கையறையில் பெட்டி வைக்காதீர்கள். சுத்தம் செய்வதை முகக்கவசம் போட்டு வெளியில், வெயில் நேரத்தில் செய்யுங்கள்.

எத்தனை வாங்குவது

ஒரு வளர்ந்த தாடி ஓணானுக்கு வாரம் 20, 30 நடுத்தரக் கரப்பான் போதும். 50 பெண், 15 ஆண் என்று தொடங்கினால் முழு வேகத்தில் வாரம் நூறு குஞ்சுக்கு மேல் பிறக்கும். சாவு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் போக அதில் பாதியை எடுக்கலாம் என்று கணக்கு வையுங்கள். ஆண்கள் கூடிப்போனால் பெண்களைத் துரத்திக்கொண்டே இருக்கும், ஒருவருக்கொருவர் இறக்கையைக் கடித்துக்கொள்ளும். அதனால் தீவனத்துக்கு முதலில் ஆண்களை எடுங்கள். குஞ்சுகளாக வாங்கினால் முதல் ஏழெட்டு மாதம் கை வைக்கவே கூடாது. பொறுக்க முடியாமல் முதல் தலைமுறையையே தின்னக் கொடுத்துவிட்டுப் பலர் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள்.

சமவெளியிலிருந்து பார்சலில் வரவழைப்பதாக இருந்தால் மாசி கடைசி முதல் வைகாசி வரை நல்ல காலம். பகல் பஸ்ஸில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், மார்கழி இரவில் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் அட்டைப்பெட்டிக்குள் பாதி செத்திருக்கும். வந்தவுடன் 30 டிகிரிக்குள் தூக்கிப் போடாமல் இரண்டு மணி நேரம் அறையில் வைத்துப் பிறகு மாற்றுங்கள்.

மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை அடியில் சேரும் எச்சத்தைச் சலித்தெடுங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு எப்போதும் நாலைந்தாவது இருக்கும். அப்படியே தோட்டத்தில் கொட்டாதீர்கள். டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்த பிறகு எடுத்தால் ரோஜாச் செடிக்கு நல்ல உரம். தேவைக்கு மிஞ்சிய கரப்பானுக்கும் வளர்ப்பதையே நிறுத்தும்போது மீதமிருக்கும் கூட்டத்துக்கும் அதே ஃப்ரீசர்தான் வழி. சோலை ஓரத்திலோ தேயிலைத் தோட்டத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள்.